தொலைநகலும் வெளியிணைப்புக் குறியீடும்

மாணவர்களே! தொடர்பாடல் சாதனங்கள் பற்றிய பாடத்தைப் படிக்கும்போது உங்களில் பலர் தொலைநகலுக்கு ஒரு வரைவிலக்கணம், நன்மைகள் நான்கு, தீமைகள் மூன்று என்று மனனம் செய்துகொண்டு அடுத்த அலகுக்குச் சென்றுவிடுகின்றீர்கள். "எழுத்து, படம், கையொப்பம் முதலியவற்றைக் கொண்ட ஆவணமொன்றின் பிரதியைத் தொலைபேசி இணைப்பினூடாக வேறோர் இடத்துக்கு அனுப்பும் சாதனம்" என்ற வரைவிலக்கணம் சரியானதே. ஆயினும் வினாத்தாளில் ஒரு சம்பவத்தைத் தந்து, "இவ்வாவணம் உரியவரிடம் ஏன் போய்ச் சேரவில்லை? காரணம் கூறுக" என்று கேட்டால் வரைவிலக்கணம் கைகொடுக்காது. இயந்திரம் வேலை செய்யும் முறை விளங்கியிருக்க வேண்டும். எனவே இப்பாடத்தை ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குவோம். சம்பவம் கற்பனையானது, ஆனால் எந்த அலுவலகத்திலும் நடக்கக்கூடியது.

சம்பவம்

வவுனியாவிலுள்ள கூட்டுறவுச் சங்கமொன்று யாழ்ப்பாணத்திலுள்ள ஒரு நிறுவனத்துக்குப் பி.ப. 2.00 மணிக்கு முன்னர் விலைக்கூறலைத் தொலைநகல் மூலம் அனுப்ப வேண்டியுள்ளது. சங்கத்துக்குப் புதிதாக வந்த எழுதுவினைஞர் பி.ப. 1.30 மணிக்கு, கடிதத் தலைப்பில் அச்சிடப்பட்டிருந்த 021 எனத் தொடங்கும் பத்து எண்களையும் பிழையின்றி அழுத்துகிறார். சற்று நேரத்தில் கீழ்மாடியிலுள்ள தொலைபேசி இயக்குநர் மேலே வந்து, "தம்பி, உங்கடை மெஷின் என்ரை காதுக்குள்ளை கீச்சிடுது. முதலிலை 9 அடிக்க வேணும்" என்கிறார். எழுதுவினைஞர் இம்முறை 9ஐயும் பத்து எண்களையும் ஒரே தொடராகப் பதிந்து அனுப்புகிறார். மறுமுனையில் எவரோ ஒருவர் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். இயந்திரம் தானாகவே மீண்டும் மீண்டும் அழைக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதே ஹலோ. நேரம் 2.10 ஆகிறது. விலைக்கூறல் போய்ச் சேரவில்லை.

எழுதுவினைஞர் இலக்கத்தை ஒரு தடவையேனும் பிழையாக அழுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். அப்படியாயின் பிழை எங்கே?

அலுவலகத்தினுள் ஒரு பரிமாற்றகம்

உங்கள் வீட்டுத் தொலைபேசியிலிருந்து வரும் கம்பி நேராகப் பொதுத் தொலைபேசிப் பரிமாற்றகத்துக்குச் செல்கிறது. வாங்கியைத் தூக்கியதும் "ம்..." என்று தொடர்ச்சியாகக் கேட்கும் ஒலி டயல் தொனி எனப்படும். "நான் ஆயத்தம், எண்களை அழுத்தலாம்" என்று பரிமாற்றகம் சொல்லும் செய்தியே அது.

நாற்பது அறைகள் உள்ள ஓர் அலுவலகம் நாற்பது வெளி இணைப்புகளைப் பெற்று மாதந்தோறும் நாற்பது வாடகை செலுத்துவது வீண்செலவாகும். எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே பேசுவதுமில்லை. ஆகவே ஐந்தோ ஆறோ வெளி இணைப்புகளைப் பெற்று, அலுவலகத்தினுள்ளேயே ஒரு சிறு பரிமாற்றகத்தை நிறுவி, எல்லா அறைகளையும் அதனுடன் இணைத்துவிடுவர். இது தனியார் கிளைப் பரிமாற்றகம் எனப்படும். அலுவலகங்களில் இதனைப் பீ.ஏ.பீ.எக்ஸ். என்றே சொல்வார்கள். அறைகளிலுள்ள தொலைபேசிகளுக்கு 201, 202 போன்ற நீடிப்பு இலக்கங்கள் வழங்கப்படும். அரசாங்கக் கடிதத் தலைப்புகளில் தொலைபேசி இலக்கத்தின் அருகே "நீடிப்பு" என்று காணப்படுவது இதுதான்.

இப்போது அறை 201இல் வாங்கியைத் தூக்கினால் கேட்கும் டயல் தொனி யாருடையது? பொதுப் பரிமாற்றகத்தினுடையது அன்று, அலுவலகப் பரிமாற்றகத்தினுடையது. நீங்கள் அழுத்தும் முதல் எண்ணைக் கேட்பதும் அதுவே. அந்த எண்ணைக் கொண்டே "இவர் உள்ளே பேசப்போகிறாரா, வெளியே பேசப்போகிறாரா" என்று அது தீர்மானிக்கிறது. 2 வந்தால் உள் நீடிப்பு. 0 வந்தால் இயக்குநர். 9 வந்தால் வெளி இணைப்பு. இந்த 9 தான் வெளியிணைப்புக் குறியீடு எனப்படும். எல்லா அலுவலகங்களிலும் இது 9 அன்று. சிலவற்றில் 0 ஆகவும், வேறு சிலவற்றில் இரண்டு எண்களாகவும் இருக்கும். பரிமாற்றகத்தைப் பொருத்தியவர் எவ்வாறு நிரலிட்டாரோ அவ்வாறே அமையும்.

இப்பாடத்தில் ஒரு வாக்கியத்தை மட்டும் நினைவில் வைத்திருக்க முடியுமென்றால் இதனை வைத்திருங்கள்: வெளியிணைப்புக் குறியீடு என்பது பெறுநரின் இலக்கத்தின் ஒரு பகுதியன்று, நமது அலுவலகப் பரிமாற்றகத்துக்கு நாம் கொடுக்கும் கட்டளை. கீழே வரும் எல்லாப் பிரச்சினைகளுக்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது.

முதல் முயற்சி தோற்றதன் காரணம் இப்போது தெளிவு. எழுதுவினைஞர் 021 என்று தொடங்கினார். அலுவலகப் பரிமாற்றகம் முதல் எண்ணான 0ஐக் கண்டதும் இயக்குநருக்கு மணியடித்தது. மற்ற ஒன்பது எண்களையும் அது பொருட்படுத்தவில்லை.

தொலைநகல் இயந்திரம் பேசும் முறை

அடுத்த பிழையை விளங்க, இயந்திரத்தைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். வரலாற்றை ஒரு வரியில் சொல்வதானால், ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் பெயின் 1843இல் மின்கம்பி மூலம் படம் அனுப்பும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். கிரகாம் பெல் தொலைபேசிக்கு ஆக்கவுரிமை பெற்றது 1876இல். அதாவது தொலைநகல் என்ற எண்ணம் தொலைபேசியை விட 33 ஆண்டுகள் மூத்தது. இது பலருக்கு வியப்பாக இருக்கும். அலுவலகங்களில் நாம் காணும் இயந்திரங்கள் 1980இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட மூன்றாம் தொகுதி எனும் சர்வதேச நியமத்தைச் சேர்ந்தவை. இந்நியமத்தின்படி தாளின் அகலம் 1728 புள்ளிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா வெள்ளையா என்று வாசிக்கப்படுகிறது. அத்தகவல் ஒலிகளாக மாற்றப்பட்டுச் சாதாரண தொலைபேசிக் கம்பி வழியே செல்கிறது. ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு நிமிடமோ அதற்குக் குறைவாகவோ எடுக்கும்.

அழைக்கும் இயந்திரம் "நான் ஒரு தொலைநகல் இயந்திரம்" என்று அறிவிப்பதற்காக 1100 ஹேட்ஸ் அதிர்வெண்ணுடைய ஒலியை அரைச் செக்கனுக்கு எழுப்பும், பின் மூன்று செக்கன் மௌனமாக இருக்கும், மீண்டும் எழுப்பும். இயக்குநரின் காதில் கீச்சிட்டது இவ்வொலியே. மறுமுனையிலும் தொலைநகல் இயந்திரமே இருந்தால் அது 2100 ஹேட்ஸ் ஒலியால் பதிலளிக்கும். அதன் பின்னர் இரண்டும் எந்த வேகத்தில் அனுப்புவது என்று தமக்குள் உடன்பட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கும். மறுமுனையில் மனிதர் இருந்தால் பதில் ஒலி வராது. சிறிது நேரத்தில் இயந்திரம் இணைப்பைத் துண்டித்துவிடும்.

தரிப்பு ஏன் அவசியம்?

இரண்டாவது முயற்சிக்கு வருவோம். இம்முறை 9 அழுத்தப்பட்டது. ஆயினும் அழைப்பு வேறெங்கோ சென்றது. ஏன்?

நீங்கள் கையால் அழைக்கும்போது நடப்பதை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். வாங்கியைத் தூக்குகிறீர்கள், உள் டயல் தொனி கேட்கிறது. 9ஐ அழுத்துகிறீர்கள், அத்தொனி நிற்கிறது. அலுவலகப் பரிமாற்றகம் வெறுமையாக உள்ள ஒரு வெளி இணைப்பைத் தேடிப் பிடிக்கிறது. ஓரிரு செக்கன்களில் இரண்டாவது டயல் தொனி வருகிறது. இது பொதுப் பரிமாற்றகத்தினுடையது. அதைக் கேட்ட பிறகே மனிதர் மற்ற எண்களை அழுத்துகிறார். காத்திருக்கும்படி எவரும் அவருக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. காது கேட்கிறது, விரல் காத்திருக்கிறது.

தொலைநகல் இயந்திரத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. பதினொரு எண்களைக் கொடுத்தால் பதினொன்றையும் இரண்டு, மூன்று செக்கன்களுக்குள் தட்டி முடித்துவிடும். இதனால் 9ஐத் தொடர்ந்து வந்த முதல் சில எண்கள், வெளி இணைப்பு கிடைப்பதற்கு முன்னரே ஒலித்து வீணாகிவிடக்கூடும். சம்பவத்தில் 021 என்ற மூன்று எண்களும் அவ்வாறு தொலைந்திருந்தால் பொதுப் பரிமாற்றகத்துக்குக் கிடைத்தவை எஞ்சிய ஏழு எண்கள் மட்டுமே. பிரதேசக் குறியீடு இல்லாத ஏழு எண்கள் உள்ளூர் இலக்கமாகவே கொள்ளப்படும். யாழ்ப்பாணத்துக்குச் செல்ல வேண்டிய அழைப்பு வவுனியாவிலேயே, அதே ஏழு எண்களைக் கொண்ட ஒருவரின் வீட்டில் மணியடித்தது இதனாலேயே.

இதற்கான தீர்வு இயந்திரத்திலேயே உண்டு. பெரும்பாலான தொலைநகல் இயந்திரங்களில் "ரீடயல்/போஸ்" என்று குறிக்கப்பட்ட பொத்தான் ஒன்று இருக்கும். இலக்கத்தைப் பதியும்போது 9க்குப் பின் இதனை அழுத்தினால் இலக்கத்தின் நடுவே ஒரு தரிப்பு சேர்க்கப்படும். திரையில் அது சிறு கோடாகவோ "பீ" எழுத்தாகவோ தோன்றும். ஒரு தரிப்பின் நீளம் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். இரண்டு, மூன்று செக்கன் என்பது வழக்கம். கணினி மோடத்தின் மூலம் அனுப்பும்போது பொத்தானுக்குப் பதிலாகக் காற்புள்ளி இடப்படும். ஒரு காற்புள்ளி சாதாரணமாக இரண்டு செக்கன். வெளி இணைப்பு கிடைக்கத் தாமதமாகும் அலுவலகமாயின் இரண்டு தரிப்புகளை அடுத்தடுத்து இடலாம். அதிகம் இட்டால் கெடுதல் எதுவுமில்லை என்று நினைத்து ஐந்தாறு தரிப்பு இடுவதும் சரியன்று. டயல் தொனி வந்த பின் நீண்ட நேரம் எண் எதுவும் வராவிட்டால் பரிமாற்றகம் இணைப்பைக் கைவிட்டுவிடும்.

எனவே சரியான பதிவு இதுவாகும்:

9 – தரிப்பு – 021 – பெறுநரின் ஏழு எண்கள்

விடை எழுதும்போது "9ஐ அழுத்த வேண்டும்" என்று மட்டும் எழுதுவது பாதி விடையே. தரிப்பையும், அது எதற்காக என்ற காரணத்தையும் சேர்த்து எழுதினாலே விடை நிறைவடையும்.

சர்வதேச வடிவில் தரப்படும் இலக்கங்களிலும் கவனம் தேவை. கடிதத் தலைப்பில் +94 21 என்று தொடங்கினால், 94 என்பது இலங்கையின் நாட்டுக் குறியீடு. நாட்டினுள்ளிருந்து அழைக்கும்போது +94ஐ நீக்கி அவ்விடத்தில் 0 இடவேண்டும். இந்த 0 பெறுநரின் இலக்கத்தைச் சேர்ந்தது. அலுவலகக் குறியீடு 0 ஆக இருந்தால் அதுவும் வேறாக வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நினைவகத்தில் பதிந்த இலக்கங்கள்

அடிக்கடி அனுப்பும் இலக்கங்களை இயந்திரத்தின் நினைவகத்தில் பதிந்து ஒரே பொத்தானால் அழைக்கலாம். நேரம் மிச்சம், அழுத்தும்போது ஏற்படும் பிழையும் குறையும். ஆனால் பதிந்த பிழை ஒருமுறையோடு நிற்காது, ஒவ்வொரு முறையும் நடக்கும்.

சில இயந்திரங்களில் வெளியிணைப்புக் குறியீட்டை அமைப்புப் பகுதியில் ஒரே முறை பதிந்துவிடலாம். அதன் பின் எல்லா அழைப்புகளுக்கும் முன்னால் அது தானாகவே சேரும். நல்ல வசதிதான். ஆனால் நினைவகத்திலுள்ள இலக்கங்களிலும் 9 ஏற்கெனவே சேர்த்துப் பதியப்பட்டிருந்தால் 9 இருமுறை செல்லும். முதலாவது 9 அலுவலகப் பரிமாற்றகத்துக்கு. இரண்டாவது 9 வெளியே போய் இலக்கத்தைக் கெடுத்துவிடும். ஆகவே இரண்டு முறைகளில் ஒன்றையே பின்பற்ற வேண்டும்.

இதைவிடச் சுவையான பிரச்சினை, இயந்திரத்தை இடம் மாற்றும்போது வருவது. குறியீடு 0 ஆக உள்ள ஓர் அலுவலகம், தொலைநகலுக்கென நேரடி வெளி இணைப்பொன்றைப் பெற்று இயந்திரத்தை அதில் பொருத்துகிறது என வைத்துக்கொள்வோம். நினைவகத்திலுள்ள இலக்கங்களை எவரும் திருத்தவில்லை. இப்போது யாழ்ப்பாண இலக்கத்தை அழைத்தால் முன்னைய குறியீடான 0 நேரே பொதுப் பரிமாற்றகத்துக்குச் செல்கிறது. அதற்குக் கிடைப்பது 00212 எனத் தொடங்கும் ஓர் இலக்கம். இலங்கையில் 00 என்பது சர்வதேச அழைப்புக்கான முன்னெண். 212 எந்த நாடு தெரியுமா? மொரோக்கோ!

இதே கணக்கை மற்ற ஊர்களுக்கும் செய்து பார்க்கலாம். மட்டக்களப்பின் 065, முன்னால் ஒரு 0 சேர்ந்ததும் 0065 ஆகிச் சிங்கப்பூராகிறது. கண்டியின் 081, யப்பானாகிறது. ஹற்றனின் 051 பேருவுக்கும், பதுளையின் 055 பிரேசிலுக்கும் செல்லப் பார்க்கும். மன்னாரின் 023ஐத் தொடர்ந்து 2 வந்தால் 00232, அதாவது சியரா லியோன். வகுப்பில் உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு இதனைச் செய்து பாருங்கள். நாட்டுக் குறியீடுகள் மறக்கமாட்டா.

அவ்வாறாயின் விலைக்கூறல் மொரோக்கோவுக்குப் போய்விடுமா? போகாது. நாட்டுக் குறியீட்டைக் கழித்தால் எஞ்சும் எண்கள் அந்நாட்டு இலக்கத்துக்குப் போதா; ஆகவே இணைப்புக் கிடைக்காது. சர்வதேச அழைப்பு வசதி இல்லாத இணைப்பாயின் அழைப்பு இங்கேயே தடுக்கப்படும். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அலுவலர் "யாழ்ப்பாணத்திலுள்ள மெஷின் பழுது" என்று முடிவு செய்து காத்திருப்பார். பழுது தன் மேசையில் இருப்பது அவருக்குத் தெரியாது. தவணை கடந்துவிடும்.

எதிர்த்திசையிலும் இது பொருந்தும். நேரடி இணைப்பிலிருந்த இயந்திரத்தை அலுவலகப் பரிமாற்றகத்துக்கு மாற்றினால் எல்லா இலக்கங்களுக்கும் குறியீடும் தரிப்பும் சேர்க்க வேண்டும். அத்துடன், பரிமாற்றகத்தின் எண்முறை நீடிப்புகளில் சாதாரண தொலைநகல் இயந்திரம் இயங்காது. சாதாரண இருகம்பித் தொலைபேசிக்கான நீடிப்பிலேயே அதனைப் பொருத்த வேண்டும்.

இரகசிய இலக்கமும் தொலைநகலும்

பெரிய அலுவலகங்களில் தூர அழைப்புகளைக் கட்டுப்படுத்துவதற்காக ஒவ்வொரு கிளைக்கும் அல்லது அலுவலருக்கும் தனியான இரகசிய இலக்கம் வழங்கப்படுவதுண்டு. வெளியிணைப்புக் குறியீட்டுடன் இதனையும் அழுத்தினாலே வெளிமாவட்ட அல்லது வெளிநாட்டு இணைப்பு கிடைக்கும். மாத இறுதியில் எக்கிளை எவ்வளவு செலவழித்தது என்று பரிமாற்றகம் கணக்குக் காட்டும். செலவுக் கட்டுப்பாடு என்ற தலைப்பில் இது ஒரு நல்ல உதாரணம்.

தொலைநகலில் இவ்விலக்கத்தைப் பயன்படுத்தும்போது இரண்டு விடயங்கள் கவனிக்கப்பட வேண்டும். ஒன்று, இரகசிய இலக்கத்தைப் பரிமாற்றகம் சரிபார்க்கும் வரையில் இன்னொரு தரிப்பு தேவைப்படலாம். மற்றையது பாதுகாப்பு. இவ்விலக்கத்தைப் பெறுநரின் இலக்கத்துடன் சேர்த்து நினைவகத்தில் பதிந்துவிட்டால், அந்தப் பொத்தானை அழுத்தும் எவரும் உங்கள் கணக்கில் அழைப்பெடுப்பர். அதுமட்டுமன்று. அனுப்பி முடிந்ததும் வெளிவரும் அறிக்கையில் அழைத்த எண்களை அப்படியே அச்சிடும் இயந்திரங்கள் உண்டு. அவ்வறிக்கை கோவையில் கோக்கப்படுகிறது. கோவையைப் பலர் புரட்டுகின்றனர். பிறகு அதற்கு இரகசிய இலக்கம் என்ற பெயர் எதற்கு? ஆகவே இவ்விலக்கத்தை ஒவ்வொரு முறையும் உரியவர் கையால் அழுத்துவதே நன்று என்பது என் கருத்து. சிரமம்தான், ஆனாலும் மாத இறுதியில் வரும் தொலைபேசிப் பட்டியலைப் பார்த்து விழிப்பதை விடச் சிரமமன்று.

அறிக்கையில் "ஓகே" என்றால் என்ன பொருள்?

இயந்திரம் "ஓகே" என்று அறிக்கை தந்தால் ஆவணம் உரியவரிடம் சேர்ந்துவிட்டது என்று பல மாணவர் எழுதுகின்றனர். இது தவறு. அவ்வறிக்கை உறுதிப்படுத்துவது ஒன்றையே: அழைத்த இலக்கத்தில் ஒரு தொலைநகல் இயந்திரம் பதிலளித்து, இத்தனை பக்கங்களை ஏற்றுக்கொண்டது. அது யாருடைய இயந்திரம், தாளை எடுத்தவர் யார் என்பவற்றை அது சொல்லாது. மறுமுனை இயந்திரத்தின் பெயர் அறிக்கையில் வந்தாலும் அது அதன் உரிமையாளர் தாமே பதிந்து வைத்த பெயர்தான்.

சம்பவத்தில் வவுனியா வீட்டில் மனிதர் பதிலளித்ததால் தாள் எதுவும் வெளிவரவில்லை. அது ஒரு போட்டி நிறுவனத்தின் தொலைநகலாக இருந்திருந்தால்? விலைக்கூறலின் தொகை முழுவதும் அங்கே அச்சாகியிருக்கும். நமது இயந்திரமும் "ஓகே" என்றே சொல்லியிருக்கும். அனுப்பிய தொலைநகலைத் திரும்பப் பெற வழியில்லை. சம்பள விபரம், மருத்துவ அறிக்கை, வங்கிக் கணக்கு போன்றவற்றை அனுப்பும் அலுவலகங்கள் முதலில் பெறுநரைத் தொலைபேசியில் அழைத்து இயந்திரத்தின் அருகே நிற்கச் சொல்வதும், முதற்பக்கமாகப் பெறுநரின் பெயர், பக்க எண்ணிக்கை, "தவறிப் பெற்றால் அறிவிக்கவும்" என்ற குறிப்பு அடங்கிய தாளை வைப்பதும் இதற்காகவே.

அவசர அழைப்பு

தொலைநகலுடன் நேரடித் தொடர்பற்றதாயினும் இதே குறியீட்டால் நேர்ந்த துயரம் ஒன்றை இங்கு சொல்லாமல் விட முடியாது. ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2013இல் ஒரு விடுதி அறையில் தாய் தாக்கப்பட்டபோது, அவரது ஒன்பது வயது மகள் அறைத் தொலைபேசியில் அவசர இலக்கமான 911ஐ நான்கு முறை அழைத்தாள். அழைப்பு ஒருமுறையும் வெளியே செல்லவில்லை. அங்கே வெளியிணைப்புக்கு முதலில் 9 அழுத்த வேண்டும் என்பது அச்சிறுமிக்குத் தெரியாது. தாய் உயிரிழந்தார். இதன் பின்னர் 2018இல் அந்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2020 பெப்ரவரி முதல் அங்கு புதிதாக நிறுவப்படும் பரிமாற்றகங்கள் முன்குறியீடு எதுவுமின்றி 911ஐ இணைக்க வேண்டும்.

நமது நாட்டில் பொலிஸ் அவசர இலக்கம் 119, அம்புலன்ஸ் சேவை 1990, தீயணைப்பு 110. நீங்கள் வேலைக்குச் செல்லும் அலுவலகத்தில் 119 என்பது ஏதோ ஓர் அறையின் நீடிப்பு இலக்கமாகவும் இருக்கலாம். தொலைபேசியின் அருகே "அவசரத்துக்கு 9 – 119" என்று ஒரு துண்டு ஒட்டப்பட்டிருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இல்லாவிட்டால் நீங்களே கேட்டறிந்து ஒட்டுங்கள்.

இன்றைய நிலை

மின்னஞ்சலும் வருடிய ஆவணங்களும் வந்த பின் தொலைநகலின் பாவனை பெரிதும் குறைந்துவிட்டது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2019 ஜனவரி முதல் புதிய தொலைநகல் இயந்திரங்கள் வாங்குவதைத் தடைசெய்து, 2020 மார்ச் 31க்குள் பாவனையை நிறுத்துமாறு பணித்தது. ஆயினும் இணையவழித் தொலைபேசிப் பரிமாற்றகங்களிலும் வெளியிணைப்புக் குறியீடு தொடர்கிறது. கருவி மாறினாலும் "முதலில் கேட்பது யார்?" என்ற கேள்வி மாறவில்லை.

பயிற்சி வினாக்கள்

1. வெளியிணைப்புக் குறியீடு முதலில் யாரால் பெறப்படுகிறது?
(1) பெறுநரின் தொலைநகல் இயந்திரம் (2) பொதுத் தொலைபேசிப் பரிமாற்றகம் (3) அனுப்புநரின் அலுவலகப் பரிமாற்றகம் (4) பெறுநரின் அலுவலகப் பரிமாற்றகம்

2. தொலைநகல் இலக்கத்தில் குறியீட்டின் பின் தரிப்பு இடப்படுவது,
(1) பெறுநர் தாள் வைப்பதற்காக (2) வெளி டயல் தொனி கிடைக்கும் வரை காத்திருப்பதற்காக (3) கட்டணத்தைக் குறைப்பதற்காக (4) ஆவணத்தின் தெளிவைக் கூட்டுவதற்காக

3. ஒரு நிறுவனம் தனது கடிதத் தலைப்பில் தொலைநகல் இலக்கத்தை "9-021..." என்று அச்சிட்டுள்ளது. இது பொருத்தமானதா? காரணம் தருக.

4. வெளியிணைப்புக் குறியீடு 0 ஆகவுள்ள அலுவலகமொன்று திருகோணமலைக்கு (பிரதேசக் குறியீடு 026) தொலைநகல் அனுப்ப விரும்புகிறது. பதிய வேண்டிய ஒழுங்கை எழுதுக. இவ்வியந்திரம் பின்னர் நேரடி இணைப்புக்கு மாற்றப்பட்டால் செய்ய வேண்டியது யாது?

5. மேலேயுள்ள சம்பவத்தில் மூன்றாவது முயற்சிக்கு முன் எழுதுவினைஞர் செய்திருக்க வேண்டியவை இரண்டினைக் கூறி விளக்குக.

விடைகள்

1. (3)   2. (2)

3. பொருத்தமன்று. 9 என்பது அந்நிறுவனத்தின் உள்ளிருந்து வெளியே அழைப்பவர்களுக்கான கட்டளை. வெளியிலிருந்து அந்நிறுவனத்தை அழைப்பவருக்கு அது தேவையற்றது. சேர்த்து அழுத்தினால் இணைப்புக் கிடைக்காது.

4. 0 – தரிப்பு – 026 – பெறுநரின் ஏழு எண்கள். நேரடி இணைப்புக்கு மாற்றினால் நினைவகத்திலும் அமைப்புப் பகுதியிலும் உள்ள முதல் 0ஐயும் தரிப்பையும் நீக்க வேண்டும். பிரதேசக் குறியீட்டின் 0ஐ நீக்கக் கூடாது. முதல் 0 நீக்கப்படாவிடின் அழைப்பு 00 எனத் தொடங்கிச் சர்வதேச அழைப்பாகக் கொள்ளப்படும்.

5. (அ) இயந்திரத்தின் தானியங்கி மீளழைப்பை உடனே நிறுத்துதல். மறுமுனையில் மனிதர் பதிலளிப்பதால் அது தொலைநகல் இலக்கமன்று. தொடர்ந்து அழைப்பது அவ்வீட்டாருக்குத் தொல்லை. (ஆ) அருகிலுள்ள தொலைபேசியில் 9ஐ அழுத்தி, வெளி டயல் தொனி வர எத்தனை செக்கன் எடுக்கிறது என்று கேட்டறிந்து, அதற்கேற்பத் தரிப்பு இட்டு இலக்கத்தை மீண்டும் பதிதல். "நேரம் போதாதபடியால் யாழ்ப்பாண நிறுவனத்தை முதலில் தொலைபேசியில் அழைத்து நிலைமையை அறிவித்தல்" என்று எழுதிக் காரணம் காட்டினாலும் புள்ளி வழங்கலாம்.